டெஸ்க்டாப்பில் அப்பா வைத்த பெயர்கள்

கோபாலபுரம், சென்னை-86
புதன்கிழமை

அன்புள்ள ஸ்ரீஹரிக்கு,

நீயும் ஜெயஸ்ரீயும் குழந்தையும் அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது, இந்தத் தடவை அப்படி எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். வாரம் தவறாமல் போனில் முகம் பார்த்துக்கொள்கிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா வீட்டுக்குள்தான் இருக்கிறார். ஸ்ட்ரோக் வந்து பேச்சுதான் குழம்பியதே தவிர காது நன்றாகக் கேட்கிறது, புத்தியும் தெளிவாக இருக்கிறது, நான் அடுப்படிக்குப் போய் மெல்லப் பேசினால்கூட எழுந்து வந்து வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. வாட்ஸ்அப்பில் இத்தனையும் தட்ட என் விரலுக்கு ஆகாது, குரலில் பேசி அனுப்பினால் அதுவும் அவர் காதில் விழும். கீழ் வீட்டுப் பஞ்சாட்சரம் சார் மகளைப் பார்க்க உன் கால்கரிக்கே வருகிறார், பருப்புப் பொடி, நார்த்தங்காய், குழந்தைக்கு இரண்டு சட்டை கொடுத்துவிட்டிருக்கிறேன், அதோடு இதையும். பொடியை ஜெயஸ்ரீயிடம் கொடுத்துவிட்டு இதைத் தனியாக உட்கார்ந்து படி.

ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். மழை பெய்வதா வேண்டாமா என்று தீர்மானிக்காமல் தூறிக்கொண்டே இருக்கிறது, துணி காயவில்லை. மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டதில் மயிலாப்பூர்ப் பக்கம் போகவே அலுப்பாக இருக்கிறது, ஆட்டோக்காரர் ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் கோயிலில் விடுகிறார். தி.நகர் கடையை உன் சித்தப்பா மகன் சுரேஷ்குமார் பார்த்துக்கொள்கிறான், தீபாவளி வியாபாரம் சுமார்தான் என்கிறான், அவன் எந்த வருஷம் நன்றாக இருந்தது என்று சொன்னான். பழைய வாடிக்கைக்காரர்கள் சேலையைப் பார்ப்பதற்கு முன்னால் அப்பாவைத்தான், அண்ணாச்சி எப்படி இருக்காங்க என்று விசாரிக்கிறார்களாம், இவன் நல்லா இருக்காங்க என்று சொல்லிவிட்டுச் சேலைக் கட்டைப் பிரிக்கிறானாம். நம் வீட்டில் வேலை செய்யும் முனியம்மாவுக்கு கவர்மெண்டில் அடையாற்றங்கரை வீட்டை எடுத்துக்கொண்டு பெரும்பாக்கத்தில் கொடுத்தார்கள் அல்லவா, இப்போது இரண்டு பஸ் மாறி வருகிறாள், காலைப் பாத்திரம் மதியம்தான் கழுவப்படுகிறது, நான் ஒன்றும் சொல்வதில்லை. அவள் மகள் நிஷா நம் கடையில் பில் போடுகிறாள், அவளைப் பற்றிப் பின்னால் வருகிறது.

போன மாதம் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். அது சாதாரணக் காய்ச்சல் இல்லை, ஐயா. சிறுநீரில் சீழ் வைத்து அது ரத்தத்தில் கலந்து ஆஸ்பத்திரியில் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தார், அதில் பாதி நாள் ஐசியுவில். நீ பதறி டிக்கெட் போட்டுக்கொண்டு வரக் கூடாது என்று மறைத்தோம். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார், சாப்பிடுகிறார், அதனால் சொல்லலாம். அது ஏன் அவ்வளவு தூரம் போயிற்று, அவர் ஏன் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அதற்கு நான் கம்ப்யூட்டரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பொறுமையாகப் படி.

ஸ்ட்ரோக் வந்தபோது நீ ஓடி வந்து லீவு தீரும்வரை இருந்தாய். அப்போது அப்பா வாயிலிருந்து வெறும் சத்தம்தான் வந்தது. நீ போன பிறகு மெல்ல மெல்லச் சொல் வர ஆரம்பித்தது, ஆனால் எதற்கு எது என்பது மாறிப்போயிருந்தது. வீட்டுச் சொல் எல்லாம் அழிந்து, கடைச் சொல் மட்டும் தங்கியிருந்தது. காலையில் டீ வேண்டும் என்றால் சாயம் என்றார். பாத்ரூமுக்குக் குடோன். என்னைப் போணி என்று கூப்பிட்டார், இத்தனை வருஷம் என்னை ஏ, இங்க வா என்பதைத் தவிர ஒன்றும் சொல்லிக் கூப்பிடாத மனிதர், காலையில் கண் விழித்ததும் போணி, போணி என்று. எனக்குச் சிரிப்பும் வந்தது அழுகையும் வந்தது. உடம்பில் எங்கேயாவது வலித்தால் அந்த இடத்தில் கையை வைத்து நூல் இழுக்குது என்பார். சேலையில் நூல் இழுத்துவிட்டால் எப்படிச் சுருங்கும் என்று நமக்குத் தெரியாதா, அதைவிடச் சரியாக வலியை யாரால் சொல்ல முடியும். முதல் வாரம் நானும் திருத்தத்தான் பார்த்தேன், சாயம் இல்லைங்க, டீ, டீ சொல்லுங்க என்று பிள்ளைக்குச் சொல்லித்தருகிற மாதிரி சொன்னேன். அவர் என்னைப் பைத்தியமா என்பது போலப் பார்த்தார். அவர் மனசில் அவர் டீ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடையாறில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஹம்சினி என்ற பெண்ணிடம் அழைத்துப்போனேன், உன் வயசுதான் இருக்கும், அதட்டாமல் பேசுகிறாள். அவள் ஒன்றுதான் சொன்னாள். "வார்த்தை தப்பா இருந்தா இருக்கட்டும்மா. கேட்டது கிடைச்சாத்தான் அடுத்த தடவை வாயைத் திறப்பாரு. வாய் மூடிட்டா அப்புறம் திறக்க வைக்கிறது ரொம்பக் கஷ்டம்." சாயம் என்றால் டீயைக் கொடுங்கள், தாராளமாகப் பேச்சு வரட்டும், பிறகு சரியான சொல்லை மெல்லப் பக்கத்தில் கொண்டு வரலாம் என்றாள். தமிழ் எழுத்து அவருக்குப் புரிகிறது, இங்கிலீஷ்தான் சுத்தமாகப் போய்விட்டது என்பதையும் அவள்தான் கண்டுபிடித்தாள். அன்று முதல் வீட்டில் எல்லோரும் அவர் பாஷைக்கு மாறினோம். முனியம்மாகூட அண்ணாச்சிக்கு சாயம் போடவா என்று கேட்பாள்.

கம்ப்யூட்டர் உனக்குத் தெரியும், நீ வாங்கி வைத்துவிட்டுப் போன பழசுதான், கடை கேமராவை வீட்டிலிருந்தே பார்க்க என்று. ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அவருக்கு அதுதான் கடை. காலையில் குளித்து நெற்றியில் இட்டுக்கொண்டு பத்து மணிக்கு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். வலது கை சொன்னபடி கேட்பதில்லை, இடது கையால் மவுஸைப் பிடித்துத் தடவித் தடவி நகர்த்துவார். ஆனால் படங்களுக்குக் கீழே எல்லாம் இங்கிலீஷில் இருந்ததால் எதைத் தட்டுவது என்று தெரியாமல் தவிப்பார், கேமராவுக்குப் போகப் பார்த்து எங்கேயோ போய்விடுவார், மேஜையைக் குத்துவார். அப்போதுதான் எனக்குத் தோன்றியது, வீட்டில் இருக்கிற நாங்கள் அவர் சொல்லுக்கு மாறிவிட்டோம், இதை ஏன் மாற்றக்கூடாது என்று. நிஷாவிடம் கேட்டேன். அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவோடு வந்து உட்கார்ந்தாள்.

நாமாகக் கொண்டு வந்து வைத்த படங்களுக்குப் பெயர் மாற்றுவது சுலபமாம், வலது பக்கம் தட்டினால் பெயர் மாற்று என்று வருகிறது. கம்ப்யூட்டரோடு கூடவே வந்த குப்பைத் தொட்டிக்கும் கம்ப்யூட்டர் படத்துக்கும் நம்முடையதில் அப்படி வரவில்லை. அதற்கு உள்ளே ரெஜிஸ்ட்ரி என்று ஒன்று இருக்கிறது, அதில் போய்த்தான் மாற்ற வேண்டும் என்று போனில் வீடியோ பார்த்துச் சொன்னாள். உனக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு, எனக்குத்தான் புதுசு. திறந்தால் கரண்ட் பில் நம்பர் மாதிரி எண்ணும் எழுத்துமாகப் பக்கம் பக்கமாக வந்தது, ஒரு எழுத்தைத் தப்பாகத் தொட்டால் கம்ப்யூட்டர் எழுந்திருக்காது என்று வீடியோக்காரர் பயமுறுத்தினார். எனக்கு வேண்டாம் என்றாகிவிட்டது. நிஷாதான், "பயப்படாத ஆன்ட்டி, உள்ள இன்னா கீதோ அது அப்டியே தான் கீது, மேல இருக்கிற பேர மட்டும் தான் நாம மாத்துறோம்" என்றாள். சொன்னாளே தவிர முதல் தடவை எதையோ கெடுத்து, படம் ஒன்றும் இல்லாமல் வெறும் நீலமாக நின்றது. அவள் முகம் செத்துவிட்டது. முன்கூட்டியே ஒரு நகல் எடுத்து வைத்திருந்ததால் திரும்பக் கொண்டு வந்தாள். அப்பா பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் கரண்ட் வரக் காத்திருக்கிற மாதிரி அமைதியாக இருந்தார்.

ஒவ்வொரு படமாகக் காட்டி இது என்ன என்று அவரையே கேட்டோம். கம்ப்யூட்டர் படத்தைக் காட்டினால் தயங்காமல் கடை என்றார். குப்பைத் தொட்டிக்கு டேமேஜ். பாட்டுகள் இருக்கிற இடத்துக்கு ஜரிகை. கேமராவுக்கு ஷோகேஸ். நிஷா ஒவ்வொன்றாகத் தட்டத் தட்டத் திரையில் தமிழில் வந்தது, அவர் விரலை வைத்துப் படித்துப் பார்த்து, ம், அடுத்து என்பது போலக் கையை அசைத்தார், சரக்குக்கு விலைச்சீட்டு ஒட்டச் சொல்கிற அதே கை. கடைசியில் உன்னைக் கூப்பிடுகிற படம், நீ உன் போட்டோவை வைத்திருக்கிறாயே, அதைக் காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்தார். "எடுத்து வச்சது" என்றார். நிஷாவுக்குப் புரிந்துவிட்டது, கடைக்காரப் பெண் அல்லவா. வாடிக்கைக்காரர் ஒரு சேலையைப் பிடித்துப்போய், எடுத்து வைங்க, வந்து வாங்கிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனால் அப்பா அதைத் தனி ரேக்கில் வைத்துவிடுவார், வேறு யார் எவ்வளவு கொடுத்துக் கேட்டாலும் கொடுக்க மாட்டார், போனவர் வராமலே போனாலும் தீபாவளி தாண்டும்வரை அது அங்கேயேதான் இருக்கும். நான் எழுந்து அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை, அவர் அதை வருத்தமாகச் சொல்லவில்லை, ரொம்பக் கௌரவமாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு ஆறேழு மாதம், ஸ்ட்ரோக் வந்த வீட்டில் அதைவிட நல்ல நாள் எதிர்பார்க்க முடியாது. காலையில் உட்கார்ந்து கடை, ஷோகேஸ், ஜரிகை என்று ஒவ்வொன்றாக உரக்கப் படிப்பார், பிறகு தட்டுவார். சொன்னது நடந்ததா, அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. சொற்கள் இரண்டு இரண்டாகச் சேர்ந்து வர ஆரம்பித்தன. ஷோகேஸ்ல சுரேஷ் தூங்குறான் என்று ஒரு நாள் சொன்னார், நான் எட்டிப் பார்த்தால் கேமராவில் சுரேஷ்குமார் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நிஜமாகவே மேஜையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். ஹம்சினி இதைக் கேட்டு ரொம்ப சந்தோஷப்பட்டாள், இன்னும் கொஞ்ச நாளில் டீ என்பதைச் சாயத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றாள். இதை உனக்குச் சொல்லாமல் இருந்தது அவர் நன்றாகப் பேச ஆரம்பித்து ஒரு நாள் உன்னைத் திகைக்க வைக்கட்டும் என்றுதான், நீ கூப்பிட்டால் அவரும் முகத்தைக் காட்டிச் சிரிப்பதோடு நிறுத்திக்கொள்வார்.

ஆடி கடைசி ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கிறதா. நீ அங்கிருந்தே நம் கம்ப்யூட்டருக்குள் வந்து சுத்தம் செய்கிறேன் என்று சொல்லி வந்தாய், இங்கே அம்பு தானாக நகர்ந்துகொண்டிருந்தது, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார், என் மகன் வந்திருக்கிறான் என்று. போன் ஸ்பீக்கரில் இருந்தது. நீ சிரித்துக்கொண்டே, "யாரும்மா இந்தக் கிறுக்குத்தனமெல்லாம் பண்ணி வச்சது? ரெஜிஸ்ட்ரியையே நோண்டியிருக்காங்க. ரீசைக்கிள் பின்னுக்குப் போய் டேமேஜ்னு பேரு" என்றாய். வைரஸாகக்கூட இருக்கும் என்றாய்.  அது அப்பா வைத்த பெயர் என்று அவர் முன்னால் எப்படிச் சொல்வேன். அது இருக்கட்டும்ப்பா, விட்டுவிடு என்று மட்டும் சொன்னேன், நீ ஒரு நிமிஷம்மா என்றாய். நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் பழைய தேதிக்குத் திருப்பிவிட்டு, அதோடு நிற்காமல், அப்பா படுக்கப் போன பிறகு, அவர் படிக்கட்டும் என்று நீயே உட்கார்ந்து பெரிய எழுத்தில் தமிழில் போட்டாய், கணினி, குப்பைத் தொட்டி, பாடல்கள், கடை கேமரா, உன் படத்துக்குக் கீழே மகன். பெயர் மாற்றவோ ரெஜிஸ்ட்ரி பக்கம் போகவோ இனி யாராலும் முடியாதபடி பாஸ்வேர்டும் போட்டாய். நல்ல பிள்ளை செய்கிற வேலைதான் அத்தனையும்.

மறுநாள் காலை வழக்கம் போல உட்கார்ந்தார். கடை என்று சொல்லிக்கொண்டே விரலை வைத்தார், எழுத்து வேறாக இருந்தது. எழுத்து எழுத்தாகப் படித்தார். அடுத்ததற்குப் போனார், அதையும் படித்தார். எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து விரலை வைத்துக்கொண்டு வந்தார். நீ முந்தின நாள் சிரித்ததையும் இதையும் சேர்த்துப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன், கணக்குப் பார்க்கிற புத்தி அப்படியேதான் இருக்கிறது. அதுவரை தன் சொல் தப்பு என்றே அவருக்குத் தெரியாது, கேட்டது கிடைத்துக்கொண்டிருந்ததே. என் பக்கம் திரும்பி, "நான் தப்பா?" என்று கேட்டார். ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த சரியான பேச்சு அது ஒன்றுதான். நான் இல்லைங்க, இல்லைங்க என்று தலையைத் தலையை ஆட்டினேன். அவர் நம்பவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு சொல் பேசவில்லை.

பேச முடியாமல் இல்லை, அதுதான் கொடுமை. டீ வேண்டும் போல இருந்தால் வாய் திறக்கிறது, நாக்கு எழும்புகிறது, பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறார். பரீட்சையில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி ஒவ்வொரு சொல்லையும் உள்ளேயே எடுத்துப் பார்த்துத் தப்பாக இருக்குமோ என்று வைத்துவிடுகிறார். அவருக்கு அடிவயிற்றில் வலி எத்தனை நாளாக இருந்ததோ தெரியாது. சாப்பாடு குறைந்தது, இரவில் புரண்டுகொண்டிருந்தார், எங்கேங்க வலிக்குது என்று கேட்டால் இல்லை என்று தலையை ஆட்டினார். முன்பு போல நூல் இழுக்குது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன். நடுக்கம் வந்து கண் செருகின பிறகுதான் சுரேஷ்குமார் காரை எடுத்துக்கொண்டு வந்தான். அங்கே சின்ன டாக்டர் குனிந்து, தாத்தா, எங்க வலிக்குதுன்னு சொல்லுங்க, எப்படி வேணா சொல்லுங்க என்று அவ்வளவு அன்பாகக் கேட்டார். அப்பா வயிற்றில் கையை வைத்தார், உதடு நூல் என்று குவிந்தது, நான் பார்த்தேன் ஐயா, என் கண்ணால் பார்த்தேன், பிறகு டாக்டரைப் பார்த்து, சுற்றி நின்றவர்களைப் பார்த்து, கையையும் எடுத்துவிட்டார். அத்தனை பேர் முன்னால் தப்பாகச் சொல்ல வெட்கம்.

வீட்டுக்கு வந்ததும் நானே அவர் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். டம்ளரை நீட்டி, சாயம் குடிக்கிறீங்களா என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். கண்ணில் நீர் கட்டிக்கொண்டு நின்றது, டம்ளரை வாங்கவே இல்லை. முனியம்மா அன்று முதல் அந்தச் சொல்லை எடுப்பதில்லை. நிஷா வந்து மறுபடி பெயர் மாற்றப் பார்த்தாள், உன் பாஸ்வேர்டு கேட்கிறது, அவளால் உள்ளே போக முடியவில்லை, பெயர் மாற்றிய பிறகு அவள் எடுத்து வைத்திருந்த நகலும் நீ துடைத்ததில் போய்விட்டது. பாஸ்வேர்டை அனுப்பு என்று உன்னிடம் கேட்டு அவளையே மாற்றச் சொல்லலாம்தான். ஆனால் நிஷாவோ நானோ மாற்றினால் அவர் நம்ப மாட்டார், தன்னைச் சமாதானப்படுத்தச் செய்கிறோம் என்று தெரிந்துகொள்வார். கம்ப்யூட்டர் விஷயத்தில் நீ செய்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்பது அவருக்கு வேதம். நீ போட்டதால்தான் அந்தப் பெயர்களை அப்படியே நம்பினார். அதனால் நீதான் செய்ய வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதை எழுதத்தான் இரண்டு நாளாகப் பேனாவை வைத்து வைத்து எடுத்தேன். நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டதும் அப்பா எழுந்து உள்ளே போய்விடுகிறார், என் மேல் என்னம்மா கோபம் அவருக்கு என்று இரண்டு தடவை கேட்டாய். கோபம் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் அந்தத் திரை முன்னால் உட்கார்ந்து உன் படத்துக்குக் கீழே இருக்கிற மகன் என்ற எழுத்தில் விரலை வைத்துச் சத்தமில்லாமல் சொல்லிப் பழகுகிறார். ம வருகிறது, அடுத்தது வேறு எதுவோ ஆகிவிடுகிறது, மறுபடி ஆரம்பிக்கிறார். நான் வருவது தெரிந்தால் கேமராவைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொள்கிறார். அது வந்த பிறகு உன்னோடு பேசலாம் என்று இருக்கிறார். ஞாயிறு காலை உன் மணி அடிக்கும்போது இன்னும் வந்திருக்காது, எழுந்து போய்விடுகிறார்.

ஹம்சினியிடம் எல்லாம் சொன்னேன். நாள் போகப் போகக் கஷ்டம் என்கிறாள், மறுபடி மாற்றினால் பேசிவிடுவாரா என்று கேட்டதற்கு வாக்குக் கொடுக்க முடியாது என்று நேராகச் சொல்லிவிட்டாள். எனக்கும் பெரிய நம்பிக்கை இல்லை. தான் தப்பாகப் பேசுகிறோம் என்று ஒரு தடவை தெரிந்துகொண்டவருக்கு அதை மறக்கடிக்க முடியுமா. இருந்தாலும் வேறு வழி தெரியவில்லை. ராத்திரி கம்ப்யூட்டரை அணைக்காமல் வைக்கிறேன், இங்கே விடிவதற்கு முன் உனக்கு ஆபீஸ் முடிகிற நேரம், அவர் தூங்கிக்கொண்டிருப்பார், அப்போது உள்ளே வா. கடை, டேமேஜ், ஜரிகை, ஷோகேஸ், உன் படத்துக்கு எடுத்து வச்சது, எழுத்து முன்பு இருந்த மாதிரியே இருக்கட்டும், பெரிதாக்காதே. மறுநாள் நீயே கூப்பிட்டு, அப்பா, நான்தான் தெரியாம மாத்திட்டேன், நீங்க வச்ச பேர்தான் சரி என்று சொல். சிரிக்காமல் சொல். அவர் என்ன சொல்லைச் சொன்னாலும் அதற்குப் பதில் சொல். குரல் தழுதழுக்கும் என்று தோன்றினால் இரண்டு நாள் கழித்துக் கூப்பிடு, அவர் கண்டுபிடித்துவிடுவார்.

இதைப் படித்துவிட்டு உடைந்து உட்கார்ந்துவிடாதே, உன்னைத் திட்டுவதாக இருந்தால் போனிலேயே திட்டியிருப்பேன், எனக்கு அதற்கு வாய் உண்டு என்று உனக்குத் தெரியும். ஜெயஸ்ரீயிடம் குழந்தைக்குக் காதில் பஞ்சு வைத்து வெளியே கூட்டிப்போகச் சொல். நார்த்தங்காய் உப்பு அதிகம், நீ பிரஷர் பார்த்துக்கொண்டு சாப்பிடு, நம் குடும்பத்து ரத்தம் எப்படி என்று பார்த்தாயிற்று. நீங்கள் மூன்று பேரும் நோயில்லாமல், ஒருவருக்கொருவர் பேசிச் சிரித்துக்கொண்டு நூறு வருஷம் இருக்க வேண்டும். படித்து முடித்ததும் எனக்குப் போன் செய்யாதே, அப்பா காதில் விழுந்துவிடும், கிடைத்தது என்று ஒரு வரி அனுப்பினால் போதும். உன்னைப் படிக்க வைத்து இத்தனை வருஷத்தில் நான் உன்னிடம் எதையும் தப்பாகச் செய் என்று சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன், நீ சரியாக்கி வைத்ததை எல்லாம் மறுபடியும் தப்பாக்கிக் கொடு, ஐயா.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா
தங்கபுஷ்பம்